மந்திரத்துக்கும் விலை உண்டு: வாசகர் கேள்வி பதில்

சூனியக்காரி என்று ஊர் ஒதுக்கும் ஓர் இளம்பெண்ணும் அவளை விரும்பும் பெடியனும்: இப்படியான இளையோர் நாவல்கள் பிடிக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று வாசகர்களிடம் கேட்டிருந்தோம். வன்னியிலிருந்து வந்த கடிதங்களில் கருத்தைவிடக் கேள்வியே கூட இருந்தது. எட்டுக் கேள்விகளுக்கு இங்கே பதில்.

உயர்தர மாணவி, கிளிநொச்சி: இந்த வகையில் ஐந்தாறு வாசித்துவிட்டேன். பதினாறாவது பிறந்தநாளில் பெண்ணுக்குச் சக்தி வரும், அதே கிழமை பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு பெடியன் வருவான். தொடக்கம் எல்லாம் ஒன்றுதான். ஆனாலும் சில கதை மனதில் நிற்கிறது, சில மறுநாளே மறந்துபோகிறது. எதனால்?

தொடக்கம் ஒன்றுபோல இருப்பதைக் குறையாக எடுக்கவேண்டாம். எந்தக் கூத்திலும் கட்டியகாரன்தான் முதலில் வருவான், அதற்காக யாரும் எழும்பிப் போவதில்லை. மந்திரத்துக்கு என்ன விலை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஒருத்தி விரலைச் சொடுக்கிப் பூட்டைத் திறக்கிறாள், காய்ச்சலை மாற்றுகிறாள், மழையை நிறுத்துகிறாள். அவளுக்கு ஒன்றும் குறையவில்லை. அடுத்த ஆபத்தில் நமக்குப் பயம் வருமா? அதே பெண் ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு ஞாபகத்தை இழக்கிறாள் என்று வையுங்கள். பூட்டைத் திறந்ததற்கு அம்மம்மாவின் குரல் போனது. காய்ச்சலை மாற்றியதற்குத் தங்கச்சி பிறந்த நாள் போனது. பெடியனைக் காப்பாற்றவேண்டிய இடம் வரும்போது, அவனை முதன்முதல் கண்ட நாளைத்தான் கொடுக்கவேண்டிவரும் என்று வாசிப்பவருக்கு முன்னமே தெரிந்துவிடும். பக்கத்தைத் திருப்பக் கை தயங்கும். அந்தத் தயக்கம்தான் மறுநாளும் கூட வருவது.

300 பக்க நாவலென்றால் எங்கள் அளவுகோல் இது: 50ஆம் பக்கத்துக்குள் மந்திரத்தின் சட்டம் தெரியவேண்டும், 90க்குள் அவள் முதல் விலையைக் கொடுத்திருக்கவேண்டும், 150 அளவில் சட்டத்தை ஏமாற்றப் பார்த்து இரட்டிப்பாக இழக்கவேண்டும், கடைசி 40 பக்கத்தில் புதிதாக ஒரு சக்தியும் முளைக்கக்கூடாது. பலர் சறுக்குவது கடைசியில்தான். எதிரியை வெல்ல வழி தெரியாமல் "அவளுக்குள் உறங்கிய பழைய இரத்தம் விழித்தது" என்று எழுதிவிடுவார்கள். அதுவரை நாம் எண்ணிவைத்த இழப்பெல்லாம் அந்த ஒரு வரியில் வீணாகிவிடும்.

காதலையும் எண்ணுங்கள். 20ஆம் பக்கத்தில் கண்டு 60இல் அவனுக்காக உயிர்விடத் துணிகிறாள் என்றால், இடையில் எத்தனை சந்திப்பு? ஒவ்வொன்றிலும் ஒருவரைப்பற்றி மற்றவர் அறியாத ஏதோ ஒன்று வெளிவந்திருக்கவேண்டும். நாலைந்து சந்திப்பாவது இல்லாத காதலை, "விதி" என்ற சொல்லை வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள்.

வாசகி, மல்லாவி: ஒரு கதையில் அவள் அவனுக்குத் தெரியாமல் பானத்தில் மருந்து கலந்து கொடுக்கிறாள், பிறகு இருவரும் சந்தோசமாக வாழ்கிறார்கள். அக்கா அதை வடிவான காதல் என்கிறா. எனக்கு ஏனோ ஒப்பவில்லை.

உங்களுக்கு ஒப்பாததுதான் சரி. நமது மந்திர மரபு இதற்குத் தனிப் பெயர் வைத்து, வேறு பெட்டியில் போட்டிருக்கிறது. அட்டகர்மம் என்று எட்டு மந்திர வேலைகள்: ஆளை வசப்படுத்தும் வசியம், மோகனம், ஆகர்ஷணம், தம்பனம், உச்சாடனம், வித்துவேடணம், பேதனம், மாரணம். வசியம் இருக்கும் பட்டியலிலேயே பிரிப்பதும், துரத்துவதும், கொல்வதும் இருக்கின்றன. அடுத்தவரின் விருப்பத்தைக் கேட்காமல் அவர்மேல் செய்யும் வேலைகள் இவை. காதல் அங்கே ஒரு பிரிவாக இல்லை.

கதையளவில் பார்த்தாலும் வசியம் காதலைத் தின்றுவிடும். மருந்து உள்ளே போன பிறகு அவன் சொல்லும் ஒவ்வொரு இனிய சொல்லும் மருந்தின் சொல். "உன்னை விட்டுப் போகமாட்டேன்" என்று அவன் சொல்ல, அவளால் அதை நம்ப முடியுமா? கெட்டிக்கார எழுத்தாளர் இந்த நம்பமுடியாமையையே கதையாக்குவார்: அவள் தானே அந்த வசியக் கட்டை அவிழ்க்கவேண்டும், அவிழ்த்த பிறகு அவன் எழும்பிப் போகவும் கூடும் என்று தெரிந்துகொண்டே அவிழ்க்கவேண்டும். போகக்கூடியவன் நின்றால்தான் காதல். நீங்கள் சொல்லும் கதை அந்த இடத்தைத் தாண்டி ஓடிவிட்டது.

சங்கப் பாடல்களில் இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி இருக்கிறது. தலைவி காதலால் மெலிகிறாள். தாய் அது தெரியாமல், முருகன் அணங்கியதென்று நினைத்து முருகன் பூசாரியான வேலனை அழைக்கிறாள். கழங்குக் காய் போட்டுக் குறி பார்ப்பார்கள், ஆட்டுக்குட்டி அறுத்து வெறியாட்டு என்ற சாமியாட்டம் ஆடுவார்கள். உண்மை தெரிந்தவள் தோழி ஒருத்தியே. ஔவையாரின் குறுந்தொகை 23ஆம் பாடலில், குறிசொல்ல வந்த கட்டுவிச்சி மலைகளைப் பாடிக்கொண்டு போக, தோழி இடைமறித்து, தலைவனுடைய குன்றத்தைப் பாடிய பாட்டை இன்னொருதரம் பாடு என்கிறாள். பேய்பிடித்ததென்று நினைத்த இடத்தில் காதல் இருக்கிறது. மந்திரத்துக்கு அதைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. இளையோருக்கு மந்திரக் காதல் எழுத விரும்புகிறவர்கள் முதலில் வெறியாட்டுப் பாடல்களைப் படிக்கவேண்டும்.

மொழிபெயர்க்க முயலும் வாசகர், வவுனியா: ஆங்கிலத்தில் 'விட்ச்' என்று வரும் இடமெல்லாம் 'சூனியக்காரி' என்று போட்டால், கதாநாயகியே கெட்டவளாகிவிடுகிறாள். வேறு சொல் உண்டா?

ஒரே சொல்லால் சமாளிக்கப் பார்ப்பதில்தான் சிக்கல். சூனியக்காரி என்றால் நமக்குச் செய்வினை வைப்பவள். ஆகவே ஊரார் வாயிலும் எதிரி வாயிலும் அதையே விடுங்கள். அவள் தன்னைப்பற்றிச் சொல்லும்போது 'மந்திரக்காரி' பொருந்தும். எந்த அத்தியாயத்தில் அவள் ஊரார் சொன்ன சொல்லைத் தானே எடுத்து "ஓம், சூனியக்காரிதான்" என்கிறாளோ, அந்த இடத்துக்குத் தனிப் பலம் கிடைக்கும். 'மாயக்காரி' ஆளை மயக்குபவள் என்ற பக்கம் இழுக்கும். 'வித்தைக்காரி' சந்தியில் வித்தை காட்டுபவளை ஞாபகப்படுத்தும்.

அவர்கள் கூடும் குழுவுக்குக் 'கூட்டம்' போதும். 'சபை' என்று போட்டால் வன்னி வாசகருக்குப் பிரதேச சபையோ பெந்தெகொஸ்தே சபையோதான் தோன்றும். மந்திரப் புத்தகம் 'ஏடு'. ஆங்கிலத்தில் 'காஸ்ட்' என்று வருவதற்காக மந்திரத்தை 'எறிய' வேண்டாம், ஓதட்டும், உருவேற்றட்டும். ஒருத்தி தனியே காய்ச்சுவது சட்டியில். கிடாரம் என்றால் கோயில் அன்னதானத்தின் அளவு. பறக்கும் துடைப்பத்துக்குத் தும்புத்தடி என்று போடுங்கள், அதில்தான் நீளப் பிடி உண்டு.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. இந்நாவல்களில் பல தன்மையில், நிகழ்காலத்தில் நடக்கும்: "கதவைத் திறக்கிறேன். அவன் நிற்கிறான்." ஆங்கிலத்தில் அது பரபரப்பு. தமிழில் 300 பக்கம் அப்படியே போனால் வானொலி நேர்முக வர்ணனை கேட்பதுபோல ஆகிவிடும். இறந்தகாலத்தில் சொல்லுங்கள். நிகழ்காலத்தை நாலைந்து உச்ச இடங்களுக்கு ஒதுக்கிவையுங்கள்.

ஒரு தாய், புதுக்குடியிருப்பு: மகளுக்குப் பதின்மூன்று வயது. இப்படியான புத்தகத்தை விடாமல் வாசிக்கிறாள். தடுக்கவேண்டுமா?

பறித்து வைக்கவேண்டாம் அம்மா, ஒளித்து வாசிப்பாள். இளையோர் நாவல் என்ற பெயர் ஏறக்குறைய 12 வயதிலிருந்து 18 வரை எல்லாருக்கும் பொதுவாக ஓடுகிறது. 13 வயதுக்கு ஏற்றதும் 17க்கு ஏற்றதும் ஒரே தட்டில் இருக்கும். முழுவதையும் வாசிக்க நேரமில்லையென்றால் மூன்று இடம் பாருங்கள்: முதல் அத்தியாயம், நடுவில் பத்துப் பக்கம், கடைசிக்கு முந்திய அத்தியாயம். நெருக்கமான காட்சியும் வன்முறையும் எந்த அளவுக்குப் போகின்றன என்று அதிலேயே பிடிபடும்.

இரண்டு விசயம் மகளோடு வாய்விட்டுக் கதையுங்கள். இரத்தச் சடங்கு என்று உள்ளங்கையைக் கத்தியால் கீறும் காட்சி இவ்வகைக் கதைகளில் அடிக்கடி வரும். அடுத்த பக்கத்திலேயே அந்தக் கையால் கயிறு பிடித்து ஏறுவார்கள். உண்மையில் விரல்களை மடக்கும் நாண்களும் உணர்வு நரம்புகளும் உள்ளங்கைத் தோலுக்குக் கிட்டவே ஓடுகின்றன. ஆழமாகப் பட்டால் விரல் மடங்காமலோ மரத்தோ போகலாம். கறள் பிடித்த கத்தியென்றால் ஏற்பு ஊசியும் வேண்டிவரும். மற்றது, அவனுக்கு முந்நூறு வயது, அவளுக்குப் பதினாறு என்று வரும் கதை. முகம் இளமையாக இருந்தாலும் வாழ்ந்த அனுபவம் முந்நூறு வருடம். அவளைவிட எல்லாம் தெரிந்த ஒருவன் "என்னை மட்டும் நம்பு, வீட்டில் சொல்லாதே" என்றால் அது எப்படிப்பட்ட பேச்சு என்று மகளிடமே கேளுங்கள். பதிலை அவள் சொல்லட்டும்.

எழுத விரும்பும் வாசகர், மாங்குளம்: இப்படி ஒரு கதையை வன்னியில் வைத்து எழுத ஆசை. எதைக் கவனிக்கவேண்டும்?

முதலில் நிலா. நள்ளிரவில் பிறை நிலா எழுகிறது என்று எழுதிவிட்டு முல்லைத்தீவுக் கடற்தொழிலாளி ஒருவருக்குக் காட்டாதீர்கள். வளர்பிறையின் மெல்லிய கீற்று பொழுதுபட்ட பிறகு மேற்கில் கொஞ்ச நேரம் நின்று மறைந்துவிடும். தேய்பிறைக் கீற்று விடியப்புறம்தான் வரும். முழுநிலவு பொழுதுபடும் வேளை கிழக்கே எழும்பி, நள்ளிரவில் உச்சிக்கு வரும். பௌர்ணமியன்று போயா விடுமுறை என்பதையும் மறக்கவேண்டாம்; பள்ளிக்கூட மணி அடித்ததும் சடங்குக்கு ஓடினாள் என்று எழுத முடியாது.

அடுத்தது காடு. வெளிநாட்டுக் கதையில் பெண் கோபித்துக்கொண்டு இரவில் காட்டுக்குள் நடந்துவிடுவாள். வன்னிப் பிள்ளை நடக்காது. யானை வரும். கதை போர் முடிந்த 2009ஐ ஒட்டியதென்றால் மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகையும் நிற்கும். இந்தத் தடைகளைக் கதைக்குள் இழுத்துப்போடுங்கள். காவற்கொட்டிலில் ஆள் விழித்திருக்கிறான், யானை வெடி எடுத்துக் கையில் வைத்திருக்கிறான். குளத்து அலைகரையில் ஆட்காட்டி திடீரென்று கத்துகிறது. வந்தது யானையா, அவளா? இரவல் காகத்தையும் கறுப்புப் பூனையையும்விட அந்த ஒரு குருவியின் சத்தம் பயத்தைக் கொண்டுவரும், ஏனென்றால் அது ஆள் அசைவைக் கண்டு கத்தும் பறவை. மாரியில் குளம் வான் பாயும்போது காடு ஒரு மாதிரி, சோளகக் காற்றில் சருகு நொருங்கும்போது வேறு மாதிரி. சருகுக் காலத்தில் சத்தமில்லாமல் ஒளிந்து சந்திக்க முடியாது. மாதத்தை முதலே தீர்மானியுங்கள்.

மந்திரத்தை நம் வீடுகளிலிருந்தே எடுக்கலாம். நாவூறு கழிக்கும்போது செத்தல் மிளகாய், உப்பு, முச்சந்தி மண் மூன்றையும் கையில் பொத்தி, பிள்ளையை மூன்று தரம் சுற்றி, அடுப்பில் போடுவார்கள். மிளகாய் கருகியும் கமறல் எழவில்லையென்றால் நாவூறு இருந்தது என்று சொல்வார்கள். இதில் ஒரு காட்சியே இருக்கிறது: அடுப்பில் மிளகாய் வெடிக்கிறது, வீட்டில் ஒருவருக்கும் இருமல் வரவில்லை, அம்மம்மா மெதுவாகத் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்க்கிறா. மந்திர வசனம் ஒன்றுகூடத் தேவையில்லை. நூல் கட்டுதல், வேப்பிலை அடித்தல், விபூதி போட்டுப் பார்வை பார்த்தல் என்று இன்னும் இருக்கின்றன. பானம் காய்ச்ச வைத்தால் துளசி, நொச்சி, மஞ்சளோடு நில்லுங்கள். அலரியும் ஊமத்தையும் கார்த்திகைக் கிழங்கும் நஞ்சு. வாசிப்பது பிள்ளைகள், செய்முறைபோல ஒரு வரிகூட வரக்கூடாது.

தொடக்கூடாத ஒன்று: வற்றாப்பளை கண்ணகை அம்மன் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டுவிநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். ஊர் கைகூப்பி நிற்கும் வழிபாடு அது. அதைச் சூனியக்காரியின் வித்தையாக்கினால், வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார், மூடுவது நியாயமும்கூட.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி இறந்தவர்களோடு பேசும் சக்தி. இவ்வகைக் கதைகளில் அது சாதாரணமாக வரும். ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியில் தாய்மார் 2017 பெப்ரவரியில் போராட்டம் தொடங்கிய மண் இது. உங்கள் நாயகிக்கு அந்தச் சக்தி இருக்கிறதென்று எழுதிய அடுத்த நிமிடமே, படலையில் ஒரு தாய் படத்தோடு வந்து நிற்பா: "பிள்ளை, இவன் அந்தப் பக்கம் இருக்கிறானா, இல்லையா?" அந்தத் தாயைத் திருப்பி அனுப்பிவிட்டுக் காதல் காட்சிக்குப் போக எழுத்தாளருக்கு உரிமையில்லை. அவவுக்குப் பதில் சொல்லும் துணிவு இருந்தால் எழுதுங்கள், அந்த நாவல் பெரியதாக வரும். இல்லையென்றால் அந்தச் சக்தியை முதற்பக்கத்திலேயே எடுத்துவிடுங்கள். மழை, நோய், ஞாபகம் என்று வேறு எத்தனையோ இருக்கின்றன.

அளவு கேட்டால்: தொடராக 12 அத்தியாயம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1200 சொல். இரண்டு அத்தியாயத்துக்கு ஒரு மந்திரத்துக்கு மேல் வேண்டாம்.

ஆசிரியர் ஒருவர், மன்னார்: குவேனியை நம் நாட்டின் முதல் சூனியக்காரிக் காதலி என்று மாணவர்களுக்குச் சொல்லலாமா?

இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சம் அவளை இயக்கி, அதாவது இயக்கர் இனத்துப் பெண், என்கிறது. ஆனால் இந்நாவல்களின் எலும்புக்கூடு முழுவதும் அவள் கதையில் இருக்கிறது. மரத்தடியில் தவப்பெண்போல நூல் நூற்கிறாள். கடல்கடந்து வந்த இளவரசன் விசயனின் 700 பேரையும் பிடித்தும், அவர்கள் கையில் கட்டிய காப்பு நூலால் தின்னமுடியாமல் இருக்கிறாள். அவனிடம் அகப்பட்டதும் பதினாறு வயதுப் பெண்ணாக உருமாறுகிறாள். தன் இனத்தைக் காட்டிக்கொடுத்து அவனுக்கு நாட்டைப் பெற்றுக்கொடுக்கிறாள். பிறகு அவன் மதுரையிலிருந்து பாண்டிய இளவரசியை வரவழைத்து, இவளைப் போகச் சொல்கிறான். தன் இனத்தாரிடம் திரும்பிப் போனவளை ஓர் இயக்கன் ஒரே அடியில் கொல்கிறான். மகனும் மகளும் தப்பி ஓடுகிறார்கள்.

மாணவர்களுக்குக் கொடுக்கக்கூடிய பயிற்சி: இக்கதையை அவள் வாயால் ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். உருமாறிய இடத்தில் அவள் காதலித்தாளா, வாள்முனையில் உயிருக்குப் பயந்தாளா என்று ஒவ்வொரு பிள்ளையும் முடிவெடுக்கவேண்டிவரும்.

வாசகர், முல்லைத்தீவு: சேலத்தில் சூனியக்காரிகளை உயிரோடு எரித்ததாக ஒரு கதையில் வருகிறது. உண்மையா?

இல்லை. அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் பகுதியிலுள்ள சேலத்தில் 1692–93 வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், அவர்களில் 5 பேர் ஆண்கள். வழக்காட மறுத்த ஒரு முதியவரைப் பாரக் கல் ஏற்றி நசுக்கினார்கள். ஐந்து பேராவது சிறையில் இறந்தார்கள். எரித்தது ஐரோப்பாவின் சில பகுதிகளில்; இங்கிலாந்திலும் வழமையான தண்டனை தூக்குத்தான். முதலில் குற்றஞ்சாட்டிய சிறுமிகள் இருவருக்கும் வயது 9, 11. இளையோர் கதைக்கு அந்த வயதுகளே போதிய திகில்.

வாசிப்பு வட்டத்தினர், ஒட்டுசுட்டான்: நாங்கள் பத்துப் பேர், கையில் இரண்டு பிரதி. இப்படி ஒரு நாவலை எப்படிச் சேர்ந்து வாசிப்பது?

ஆளுக்கு நாலு நாள் என்றால் இரண்டு பிரதியும் பத்துப் பேர் கையும் சுற்றிவர 20 நாள். முதலில் வாசித்தவர் முடிவைச் சொல்லிவிடுவதுதான் இதில் வரும் பெரிய கேடு. அதற்காகப் புத்தகத்தைப் பாதியாகப் பிரித்து இரண்டு சுற்று விடுங்கள். முதற் பாதிக்கு ஆளுக்கு இரண்டு நாள், பத்தாம் நாள் ஒரு கூட்டம், மறுபாதிக்கும் அப்படியே. முதற் கூட்டத்தில் ஒவ்வொருவரும் மந்திரத்தின் சட்டத்தை ஒரு வரியில் தனித்தனியே எழுதி மடித்து வையுங்கள். பத்துத் தாளிலும் ஒரே சட்டம் வந்தால் எழுத்தாளர் தன் வேலையைச் செய்திருக்கிறார். ஐந்து விதமாக வந்தால், குழப்பம் எந்தப் பக்கத்தில் தொடங்கியது என்று தேடுவதிலேயே அன்றைய பொழுது நன்றாகப் போகும். தாள்களை எறிந்துவிடாமல் புத்தகத்துக்குள் வையுங்கள், இரண்டாம் கூட்டத்தில் கடைசி அத்தியாயத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும்.